எப்புடி நிக்கறீங்க?

சோமனூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் மொபைல் ரிப்பேர் கடைக்கும் நடுவில் பிரான்சிஸின் ஸ்டுடியோ இருக்கிறது. எட்டடிக்குப் பத்தடி. ஒரு நீலத் திரை, ஒரு வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்குகள், ஒரு ஸ்டூல். ஆணியில் தொங்கும் கறுப்புக் கோட்டு யார் வந்தாலும் பொருந்தும், முதுகுப் பக்கத்தைக் கத்தரித்து விட்டிருக்கிறார். பாஸ்போர்ட் படம், ஆதார் லேமினேஷன், வங்கிக் கடனுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும் படம். பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு.

பத்து வருடங்களுக்கு முன் மாசாணம் என்ற தறித் தொழிலாளி இறந்துபோனார். பிரான்சிஸ் குடியிருக்கும் அதே காலனிக்காரர். மாலை போட்டு மாட்டுவதற்குப் படம் வேண்டுமென்று அவருடைய மகள் வாக்காளர் அட்டையை எடுத்து வந்தாள். அட்டையில் இருந்த முகம், எதையோ திருடிவிட்டுப் பிடிபட்டவரின் முகம் மாதிரி இருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. வேறு படமே இல்லையா என்று பிரான்சிஸ் கேட்டார்.

"இது ஒண்ணுதானுங்கண்ணா இருக்குது."

முப்பத்தொரு வருடம் தறி ஓட்டிய மனிதருக்கு, அரசாங்கம் தன் தேவைக்காக எடுத்த ஒரே ஒரு படம்தான் இருந்தது. பிரான்சிஸ் அதைப் பெரிதாக்கி, கண்களைத் திறந்து கொடுத்தார். வேறு யாருடைய கண்ணையோ வெட்டித்தான் ஒட்ட வேண்டியிருந்தது. அந்த வேலை அவரை ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள், காலனிக்காரர்களை வருடா வருடம் படமெடுக்கத் தொடங்கினார். முதலாளிகள் தறிக்குச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்து, இயந்திரத்துக்கு நன்றி சொல்கிற பண்டிகை அது. இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு ஒரு பொட்டலம் பொரியும் மறுநாள் விடுமுறையும் கிடைக்கும். அந்த ஒரு நாள் காலனியில் தறிச் சத்தம் கேட்காது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். நாற்பத்திரண்டு வீடுகள். பாதி வீடுகளில் சிலுவை, பாதி வீடுகளில் மாரியம்மன். இரண்டில் எதுவும் யாரையும் தறிக்கூடத்திலிருந்து வெளியே கூட்டி வந்ததில்லை. பிரான்சிஸ் தெரு முனையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"எப்புடி நிக்கறீங்க?"

அவ்வளவுதான். தலையைத் தூக்கு, சிரி, இப்படித் திரும்பு என்று எதையும் சொல்லமாட்டார். ஸ்டுடியோவில் நாள் முழுக்கச் சொல்வதை இங்கே சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார். அவர்கள் எப்படி நிற்கிறார்களோ அப்படி, எதை எடுத்து வருகிறார்களோ அதோடு எடுப்பார். ஒரு பெண் கல்லூரி அடையாள அட்டையை வெளியே எடுத்து விட்டுக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி மூன்று மாதமான ஜோடி ஒன்று மிக்சியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டது. தறி ஓட்டும் சுப்பையன் ஹெல்மெட்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தார். வண்டி அடுத்த தெருவில் நின்றது.

"வண்டியையும் கொண்டாந்திருக்கலாமல்ல?" என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்.

"வண்டி எல்லார்த்துகிட்டயும் இருக்குது. எல்லாரும் ஹெல்மெட்டா வெச்சிருக்கறாங்க?"

எல்லோரும் நேராக, விறைப்பாக, கேமராவைப் பார்த்தபடி நின்றார்கள். இவர்களுடைய தாத்தாக்கள் தோட்டத்துக்காரர் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கி வளைந்து நின்றவர்கள். இந்த விறைப்பு அதற்கு எதிராக வந்தது. அந்தப் படங்களில் அழகு என்று ஒன்று இருந்தால் அது அதில்தான் இருந்தது.

பாவாத்தாள் கழிவுப் பஞ்சுக் குடோனில் வேலை பார்க்கிறவர். பிரான்சிஸின் அம்மாவோடு ஒன்றாக வேலைக்குப் போனவர், அதனால் அவருக்குப் பெரியம்மா. முதல் வருடமே, சோமனூர் டெய்லரிடம் இரண்டு தடவை சண்டை போட்டுத் தைத்த பஃப் கை ரவிக்கையும், சொந்தக் கூலியில் வாங்கிய கைக்கடிகாரமுமாக வந்து நின்றார். பின்னால் நீலப் பிளாஸ்டிக் டிரம் இருந்தது. அதை நகர்த்தவா என்று பிரான்சிஸ் கேட்கவில்லை.

"கண்ணு, ஜாக்கெட்டுக் கை முழுசா உழுகோணும். வாட்ச்சும் தெரியோணும். மூஞ்சி எப்புடியோ போவுது."

படம் எடுத்து முடிந்ததும் சொன்னார்: "எங்கம்மா கடேசி வரைக்கும் ரவிக்கை போட்டதில்ல. கட்டுத்தரையில சாணி வழிக்கறவளுக்கு எதுக்கு, யாருக்குக் காட்டறதுக்குன்னு தோட்டத்துக்காரங்க கேப்பாங்களாமா. அதுக்குத்தான் நான் கை வெச்சு தெச்சிருக்கறேன்."

ஐந்தாவது வருடம் பிரான்சிஸ் கோயம்புத்தூரில் ஒரு புகைப்படக் கழகத்தில் சேர்ந்தார். மாதத்தில் மூன்றாவது ஞாயிறு, ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு குளிரூட்டப்பட்ட அரங்கம். தலைவர் ஸ்ரீனிவாஸ் நூற்பாலைக் குடும்பத்தவர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். உறுப்பினர்களின் படங்களைத் திரையில் போடுவார்கள். பெயர் கிடையாது, எண் மட்டும். வெளியூரிலிருந்து வரும் நடுவர் குறை நிறை சொல்லிப் பதினைந்துக்கு மதிப்பெண் போடுவார். பெயர் இல்லாததால் பாரபட்சமும் இல்லை என்பது கழகத்தின் பெருமை. எண்ணுக்கு ஜாதி தெரியாதாம். படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று திரையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும் என்பதை மட்டும் யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

பாவாத்தாளின் படம் பதினேழாம் எண்ணாக வந்தது.

"இது கொஞ்சம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கு," என்றார் நடுவர். அரங்கம் சிரித்தது. "பின்னாடி அந்த ப்ளூ டிரம் டிஸ்டர்ப் பண்ணுது. வாட்ச் கண்ணை உறுத்துது. இந்த முகத்துல எவ்வளவு வாழ்க்கை இருக்கு. ஆனா அந்த ஸ்ட்ரகிள் எனக்குத் தெரியல. நாலு."

அடுத்த எண் சாய்சரணுடையது. ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர், மூன்று கேமரா வைத்திருப்பவர். வெள்ளகோவில் பக்கம் மாலை வெயிலில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் செம்மறி ஆட்டு மந்தை, நடுவில் தலைப்பாகை கட்டிய ஆட்டுக்காரர். பதினான்கு. அந்த ஆட்டுக்காரருக்குத் தலைப்பாகை கட்டும் பழக்கம் கிடையாது, அன்றைக்குக் கூட்டமாகப் படமெடுக்கப் போன கழகத்தார்தான் கட்டிவிட்டார்கள். புழுதி போதவில்லை என்று மந்தையை நான்கு முறை திருப்பி ஓட்டச் சொன்னார்கள். சினை ஆடு ஒன்று மூன்றாவது முறை படுத்துக்கொண்டது. பதினெட்டு கேமராக்கள் எடுத்த பதினெட்டு படங்களையும் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று எடுத்தவர்களுக்கே தெரியாது. அவற்றுக்கு ஐந்து நாடுகளில் பரிசு வந்தது.

பிரான்சிஸுக்கு இதெல்லாம் தெரியும். இருந்தும் மாதா மாதம் போனார். மனைவி கயல்விழி ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"அவிய நாலு மார்க்கும் அஞ்சு மார்க்கும் போடறதுக்கு நீங்க எதுக்குங்க பஸ் ஏறிப் போறீங்க?"

"வருசக் கண்காட்சியில ஒருத்தருக்கு மட்டும் ஒரு செவுரு குடுப்பாங்க. பன்னெண்டு படம், அவுங்க படம் மட்டும். அந்தச் செவுத்துல நம்மாளுங்க நிக்கோணும் கயலு. வேன் வெச்சு எல்லாத்தயும் கூட்டிட்டுப் போயி காட்டோணும்."

அவருக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான். பரிசு வேண்டும் என்று நினைத்ததில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் முதலில் அந்தச் சுவர். நான்கு வருடம் விண்ணப்பம் போட்டார். நான்கு வருடமும் கிடைக்கவில்லை.

சென்ற ஏப்ரலில் கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது ஸ்ரீனிவாஸ் தோளில் கை வைத்தார்.

"பிரான்சிஸ், உங்க கண்ணு நல்ல கண்ணுங்க. நான் கமிட்டியில சொல்லிட்டேதான் இருக்கறேன். ஆனா ஒரு கோல்டு மெடல் கூட இல்லாதவருக்கு எப்படிச் சுவர் குடுக்கறதுன்னு கேக்கறாங்க. தப்பில்லீங்களே?"

"தப்பில்லீங்க."

"உங்க பக்கத்துல ஒரு ஷூட் போடலாமா? உங்களுக்கு ஜனங்களைத் தெரியும். வயசான அம்மா ஒருத்தங்க, பழைய வீடு ஒண்ணு. நீங்களும் எடுங்க. எங்க எல்லாரையும்விட நீங்கதான் நல்லா எடுப்பீங்க. அப்புறம் யாரும் வாய் திறக்கமாட்டாங்க."

இதில் மிரட்டல் எங்கேயும் இல்லை. அநியாயம் எப்போதும் குரலை உயர்த்திக்கொண்டு வருவதில்லை, பல நேரம் காபிக் கோப்பையோடு தோளில் கை போட்டுக்கொண்டு வரும். பிரான்சிஸ் பஸ்ஸில் வரும்போது யோசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு. அதற்குப் பதில் சுவர் தன் ஆட்களுக்கு. இதில் என்ன நட்டம் என்று தோன்றியது.

ஜூன் மாதம் ஒரு காலை, காலனிக்கு அருகே ஆளில்லாமல் கிடந்த ஒரு தோட்டத்துச் சாளைக்குப் பதினெட்டு பேர் வந்து இறங்கினார்கள். ஓட்டு வீடு, பக்கத்தில் மாடு கட்டிய கட்டுத்தரை. கூரையில் இரண்டு ஓடுகளைக் கழற்றினார்கள். ஈரத் தேங்காய் மட்டையைக் கொளுத்திப் புகை போட்டார்கள். ஒளி தூண் மாதிரி இறங்கியது. அதற்குக் கீழே ஓர் ஆட்டுக்கல்லை உருட்டி வைத்தார்கள்.

பாவாத்தாள் பிரான்சிஸ் கூப்பிட்டதற்காக வந்திருந்தார். போட்டோ என்றதும் பஃப் கை ரவிக்கையைத் தேய்த்துப் போட்டு வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் சுற்றிப் பார்த்தார்.

"இந்தக் கட்டுத்தரையிலதான் எங்கம்மா சாணி வழிச்சா. தெரியுமா கண்ணு?"

பிரான்சிஸுக்குத் தெரியாது.

"பாட்டி, அந்த வாட்ச்சைக் கழட்டிருங்களேன்," என்றார் சாய்சரண்.

"பாட்டி உங்க ஊட்டுல இருக்கும் தம்பி. எனக்கு அம்பத்தொம்பதுதான். வாட்ச் என்ன பண்ணுச்சு, ஓடலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி கழற்றினார். ஆட்டுக்கல் முன் உட்கார்ந்ததும் குழவியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஊட்டுல கிரைண்டர் இருக்குதுங்க சார். இதை ஆட்டி இருவது வருசமாச்சு. மாவு இல்லாம ஆட்டறதா, மாவு நீங்க கொண்டாந்திருக்கீங்களா?"

மறுபடியும் சிரிப்பு. பிறகு சாய்சரண் பிரான்சிஸை ஓரமாக அழைத்தார்.

"ப்ரோ, அந்தப் பஃப் கை ஃபிரேமையே கெடுக்குது. அந்தக் காலத்துல ரவிக்கை போடமாட்டாங்கல்ல? சேலையை மட்டும் சுத்திட்டா... டீசண்டாதான் இருக்கும். லைட் இன்னும் இருபது நிமிஷம்தான். நீங்க சொன்னா கேப்பாங்க."

பிரான்சிஸ் ஸ்ரீனிவாஸைப் பார்த்தார். ஸ்ரீனிவாஸ் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிரான்சிஸும் சொல்லியிருக்கலாம். பதினெட்டு பேர் ஒளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் போய்ப் பாவாத்தாள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பெரியம்மா, ஜாக்கெட் இல்லாம, சேலைய மட்டும் சுத்திக்கிட்டு உக்காந்தா நல்லாருக்கும்."

பாவாத்தாள் சாய்சரண் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவிய கேக்கறாங்களா, நீ கேக்கறியா?"

பிரான்சிஸ் தரையைப் பார்த்தார். அவர்கள் என்று சொன்னால் பெரியம்மா எழுந்து போய்விடுவார். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நான்தான் பெரியம்மா கேக்கறேன்."

"சரி."

பாவாத்தாள் சுவருக்குப் பின்னால் போய்த் திரும்பி வந்தார். மடித்த ரவிக்கையைப் பிரான்சிஸின் கேமராப் பையின் மேல் வைத்தார். அதன் மேல் கடிகாரத்தை வைத்தார். அதற்குப் பிறகு அவர் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. பதினெட்டு கேமராக்களும் சடசடத்தன. பிரான்சிஸ் நல்ல கோணம் பார்த்து மண்டியிட்டார். ஒளி நெற்றியில் விழவில்லை.

"கொஞ்சம் குனிஞ்சுக்குங்க பெரியம்மா," என்றார். "இன்னும் கொஞ்சம்."

பாவாத்தாள் குனிந்தார்.

ஸ்ரீனிவாஸ் சொன்னது பொய்யில்லை. எல்லோரையும்விட பிரான்சிஸ்தான் நன்றாக எடுத்திருந்தார். ஆகஸ்ட்டில் வருடக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் அந்தப் படத்துக்குத்தான். ஆறடி உயரத்துக்கு அச்சிட்டு அரங்கத்தின் வாசலில் நிறுத்தினார்கள். பெயர் கமிட்டி வைத்தது: 'காலம் தொடாத முகம்'. காலம் அந்த முகத்தைத் தொட்டதற்கு அத்தாட்சியாக இருந்தவை ஒரு கடிகாரமும் ஒரு ரவிக்கையும். இரண்டையும் கழற்ற வைத்தவர்கள் கூடி உட்கார்ந்து வைத்த பெயர் அது.

சுவரும் கிடைத்தது. உள் அறையில், கடைசிப் பக்கம். பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றும் ஒரு அடி. வாசல் படத்தை எடுத்துவிடச் சொல்லலாமா என்று பிரான்சிஸ் இரண்டு நாள் யோசித்தார். சொன்னால் சுவர் போய்விடுமோ என்று சொல்லவில்லை. பாவாத்தாளை வரவேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வேன் வந்து நின்றபோது முதலில் ஏறியவர் அவர்தான். அதே ரவிக்கை, அதே கடிகாரம்.

வாசலில் இறங்கியதும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பாவாத்தாள் படத்துக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். தோள் எலும்பு, கை, புகை, குனிந்த தலை. கல்லூரிப் பெண்கள் இருவர் கைப்பேசியோடு வந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அந்தப் படத்தோட ஒரு செல்ஃபி எடுத்துக்கறோம்."

பாவாத்தாள் ஓரமாக நகர்ந்து நின்றார். அவர்கள் அவரைப் பார்த்து நன்றி சொன்னார்கள். படத்தில் இருப்பவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

உள்ளே சுவர் முன்னால் எல்லோரும் தங்கள் படத்தைத் தேடிப்பிடித்தார்கள். எதிர்பார்த்த ஆரவாரம் இல்லை. பாவாத்தாள் தன் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். டிரம், ரவிக்கை, கடிகாரம் எல்லாம் இருந்தன.

"இது சின்னதா இருக்குது," என்றார்.

"இந்தச் செவுத்துக்கு இவ்வளவுதான் பெரியம்மா."

"அது எவ்வளவு பெருசு."

திரும்பி வரும்போது வேன் கருமத்தம்பட்டி தாண்டியதும் சுப்பையன், "எப்புடியோ நம்ம பிரான்சிசுக்கு மெடல் வந்திருச்சு," என்றார். கயல்விழி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பாவாத்தாள் கடிகாரத்தைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார்.

செப்டம்பரில் ஸ்ரீனிவாஸ் கூப்பிட்டார். சத்தியமங்கலம் மலைப் பக்கம் அடுத்த ஷூட். "உங்க பாதை கிடைச்சிருச்சு பிரான்சிஸ். விட்றாதீங்க. இதை நீங்கதான் நடத்திக் குடுக்கணும்." யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மூன்று நாள் ஸ்டுடியோவில் யாரிடமும் தலையைத் தூக்கு என்று சொல்லமுடியாமல் இருந்தார். நான்காம் நாள், வரவில்லை என்று குறுஞ்செய்தி அனுப்பினார். ஏன் என்று எழுதவில்லை. ஆயுத பூஜை வரட்டும், பழையபடி நின்று எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கயல்விழியிடம் சொன்னார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் தெரு முனையில் ஸ்டாண்டை நிறுத்தினார். யாரும் வராமல் இருந்துவிடுவார்களோ என்று பயந்தார். எல்லோரும் வந்தார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டிருந்தால் கூட அவருக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. வரிசையில் முதல் ஆள் பாவாத்தாள்.

"எப்புடி நிக்கறீங்க பெரியம்மா?"

"எனக்கென்ன தெரியுது அதெல்லாம். எப்புடி நின்னா நல்லாருக்கும்னு நீங்களே சொல்லிப்போடுங்க." கையை நீட்டிக் காட்டினார். "வாட்ச் இருக்கட்டுங்களா, கழட்டிறட்டுங்களா?"

"இருக்கட்டும் பெரியம்மா. எப்பவும் போல நில்லுங்க. உங்க இஷ்டம்."

"என்ற இஷ்டத்துக்கு நின்னா சின்னதாத்தான போடறாங்க."

குத்திக்காட்டும் தொனி அந்தக் குரலில் இல்லை. வேலைக்குச் சேரும் இடத்தில் வழக்கம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் குரல் அது. நீல டிரம்மைத் தானே உருட்டி ஓரமாக வைத்தார். வந்து நின்று, கேமராவைப் பார்க்காமல், தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார். பிரான்சிஸ் கேமராவுக்குப் பின்னால் காத்திருந்தார். அவர் நிமிர்வார் என்று நினைத்தார். பாவாத்தாள் அசையாமல் நின்றார், ஒரு நிமிடத்துக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"போதுங்களா?" என்று கேட்டார்.

பிரான்சிஸ் பட்டனிலிருந்து விரலை எடுத்தார்.

வரிசையில் அடுத்து நின்ற சுப்பையன் இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஹெல்மெட்டைச் சுவரோரம் கீழே வைத்தார்.